ஏசண்டர் வளவு

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில், கண்டி வீதியோரமாக, மாவட்டச் செயலகத்துக்கு அண்மையில் நிற்கும் மரச்சோலைக்குப் பழைய பூங்கா என்று பெயர். அதை ஒட்டிச் செல்லும் தெருவுக்கும் பழைய பூங்கா வீதி என்ற பெயரே நிலைத்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் வட மாகாணத்தின் அரசாங்க ஏசண்டராக இருந்த பேர்சிவல் அக்லண்ட் டைக், தன் வாசஸ்தலத்தைச் சுற்றி உண்டாக்கிய வளவு இது. பிரித்தானியப் பேரரசின் வடபுல முகவர் குடியிருந்த இடத்துக்கு இன்று சிறுவர்கள் விளையாட வருகிறார்கள், காலையில் நடப்பவர்கள் வருகிறார்கள். வட மாகாண ஆளுநரின் செயலகமும் அதே வளவுக்குள்தான் இருக்கிறது. ஆகவே பூங்கா ஊருக்குக் கைமாறியது என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது, பாதி மாறியிருக்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் தோட்டத்துக்குப் போகிறார் என்றால் மண்வெட்டியோடு போகிறார் என்று பொருள். தோட்டம் என்பது புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் விளையும் செம்பாட்டு நிலம். பூசைக்குப் பூக் கொய்யக் கோயிலில் நந்தவனம் உண்டு. வீட்டைச் சுற்றி வளவு உண்டு. அதில் நிற்கும் மாவும் பலாவும் முருங்கையும் எலுமிச்சையும் காய்த்துக் கொடுத்தாக வேண்டும். வேலிக்குக் கூடச் சும்மா நிற்க அனுமதி இல்லை. பூவரசும் கிளுவையும் கதியாலாக நின்று எல்லை காப்பதோடு, குழையாக வெட்டுப்பட்டு ஆட்டுக்கும் தோட்டத்துப் பசளைக்கும் போகின்றன. இப்படி ஒவ்வொரு மரமும் கணக்குக் கொடுக்கும் ஊரில், நிழலில் நடப்பதற்கென்றே பல ஏக்கர் நிலத்தை விட்டுவைப்பது அரசர்க்கும் துரைமார்க்கும் மட்டுமே கட்டுப்படியாகிற காரியமாக இருந்தது.

அரசர் விட்டுவைத்த இடத்தின் பெயர் நல்லூரில் இன்னும் வழங்குகிறது. யாழ்ப்பாண அரசின் தலைநகராக இருந்த நல்லூரில் சங்கிலியன் தோப்பு, பண்டாரவளவு, யமுனா ஏரி ஆகியவை அருகருகே உள்ளன. பெயரில் தோப்பு இருந்தாலும் அங்கே இன்று கண்ணுக்குப் படுவது வீதியோரத்தில் நிற்கும் ஒரு வளைவு வாயில்தான். அந்த வாயில் அரசர் காலத்ததா, ஐரோப்பியர் காலத்ததா என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. சற்றுத் தள்ளி இருக்கும் யமுனா ஏரி, ‘ப’ என்ற எழுத்தின் வடிவில் படிக்கட்டோடு அமைந்த கேணி. யமுனை நீரைக் கொண்டுவந்து விட்டார்கள் என்பது ஐதீகம். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசன் சங்கிலியனை வென்ற பிறகு, 1621இல் அவர்களின் தளபதி பிலிப் டி ஒலிவேரா நல்லூருக்கு வந்து தங்கினான். கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அரண்மனையும் அதைச் சூழ்ந்த சோலையும் போன பின், தோப்பு என்பது காணி உறுதிகளிலும் பேச்சு வழக்கிலும் மட்டும் எஞ்சியது. யாழ்ப்பாணத்தின் அரச தோட்டம் பொதுப் பூங்காவாக மாற வாய்ப்பே கிடைக்கவில்லை, அது குடிமனைகளாகிவிட்டது. வாய்ப்புக் கிடைத்தது அதற்கு இரண்டு நூற்றாண்டு பின்னால் வந்த ஏசண்டர் வளவுக்கு.

டைக் 1829இல் யாழ்ப்பாணத்தின் நிருவாகத்தை ஏற்றார். 1833இல் கோல்புறூக்–கமறன் சீர்திருத்தத்தின்படி இலங்கை ஐந்து மாகாணங்களாகப் பிரிக்கப்பட்டபோது, வட மாகாணம் குடாநாட்டோடு நிற்கவில்லை. வன்னியும் மன்னாரும் அதனுள் அடங்கின. அனுராதபுரம் உள்ளிட்ட நுவரகலாவியாவும் 1873 வரை அதனோடு சேர்ந்தே இருந்தது. அந்தப் பரப்பை 1867இல் கோப்பாயில் இறக்கும்வரை, ஏறக்குறைய 38 ஆண்டுகள், டைக் ஆண்டார். வடக்கின் ராஜா என்று அவரைச் சொன்னார்கள். அதில் பாதி புகழ்ச்சி, பாதி உண்மை. மேலிடத்து ஆள்பதி கொழும்பில் மாறிக்கொண்டே இருந்தார். டைக் துரை மாறவில்லை. 1850இல் அவர் முன்னின்று தொடங்கிய நலிவுற்றோர் உதவிச் சங்க வைத்தியசாலைதான் 1907இல் அரசின் கைக்கு வந்து, இன்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையாக வளர்ந்திருக்கிறது.

அவர் உண்டாக்கிய மற்றது இந்த வளவு. ஒல்லாந்தர் காலம்வரை யாழ்ப்பாணத்தின் ஆட்சி கோட்டை மதிலுக்குள் இருந்தது. பீரங்கி வாய்க்குப் பின்னால் இருந்துதான் ஊரைப் பார்த்தார்கள். மதிலுக்கு வெளியே, சுண்டுக்குளியில், மரங்களை நட்டு நடுவில் வீடு கட்டிக் குடியிருப்பது வேறொரு வகை ஆட்சி. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பிரபு தன் மாளிகையைச் சுற்றிப் ‘பார்க்’ வைத்திருப்பான்; அந்தப் பழக்கத்தை ஆறு இல்லாத, மழை மூன்று மாதத்துக்குள் முடிந்துபோகிற ஒரு சுண்ணக்கல் தட்டின் மீது கொண்டுவந்து வைத்தார் டைக். தனக்குப் பின்வரும் ஏசண்டர்களின் பாவனைக்கு அதை விட்டுச்சென்றார் என்பது யாழ்ப்பாணத்தில் வழங்கிவரும் செய்தி. ஏசண்டர்கள் அதன்படியே அடுத்தடுத்து அங்கே குடியிருந்தார்கள்.

வீட்டுக்கு அண்மையில் கச்சேரி. தமிழ்நாட்டில் கச்சேரி என்றால் மேடையும் தம்பூராவும் நினைவுக்கு வரும். யாழ்ப்பாணத்தவருக்கு வரிசையும் படிவமும் முத்திரையும் நினைவுக்கு வரும். இரண்டும் இந்துஸ்தானியிலிருந்து வந்த ஒரே சொல், கூட்டம் கூடும் இடத்துக்கானது. மாவட்டச் செயலகம் என்று பெயர்ப்பலகை மாறிப் பல காலம் ஆகியும், பிறப்புப் பதிவுக்கோ காணி அலுவலுக்கோ புறப்படுகிறவர் இன்றும் ‘கச்சேரிக்குப் போட்டு வாறன்’ என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்புகிறார்.

டைக்குக்குப் பின் அந்த வளவின் பெயரோடு நெடுங்காலம் ஒட்டியிருந்தவர் வில்லியம் துவைனம். 1869 முதல் 1896 வரை ஏசண்டர். மன்னார் முத்துக்குளிப்பில் கைதேர்ந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் யாழ்ப்பாணத்திலேயே தங்கிவிட்டவர். துரைமாரைப் பற்றிய நினைவுகள் பெரும்பாலும் துரைமாரின் புகழ்ச்சியாகவே எஞ்சுவது வழக்கம். துவைனம் விடயத்தில் மறுபக்கமும் அச்சில் இருக்கிறது. கொள்ளைநோயும் பஞ்சமும் வாட்டிய 1870களில் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திய ஆறுமுக நாவலர், ‘இது நல்ல சமயம்’ என்ற பிரசுரத்தில் துவைனம் துரையின் நிருவாகத்தைக் கடுமையாகத் தாக்கினார். சமயக் கண்டனம் எழுதிய அதே கை கச்சேரிக் கண்டனமும் எழுதியது. பூங்காவைப் பார்க்கப் போகிறவர் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அந்த நிழல் அந்நாளில் எல்லார் தலைக்குமானதாக இருக்கவில்லை.

1905 சனவரியில் லெனாட் வூல்ஃப் பயிற்சிநிலை அலுவலராக யாழ்ப்பாணக் கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். வடபகுதி இரயில் பாதை முழுதாக இணைக்கப்பட இன்னும் சில மாதங்கள் இருந்தன. இடையில் மாட்டுவண்டித் தபாலில் ஏறி வர வேண்டியிருந்தது. அவர் குடியிருந்தது கோட்டை மதில் மீதிருந்த பங்களாவில். வேலை பார்த்தது கச்சேரியில். 1907 வரை இங்கே இருந்து, பின் கண்டிக்கும் அம்பாந்தோட்டைக்கும் போய், 1911இல் விடுமுறையில் இங்கிலாந்து சென்றவர் பதவியைத் துறந்துவிட்டார். பிற்காலத்தில் ‘குரோயிங்’ என்ற நினைவு நூலில், வெள்ளை அலுவலர்கள் மாலையில் டெனிசும் மதுவும் அரட்டையுமாகத் தங்களுக்குள் அமைத்துக்கொண்ட சிற்றுலகத்தை இரக்கமில்லாமல் எழுதினார். ஏசண்டர் வளவு போன்ற இடங்கள் அந்தச் சிற்றுலகத்தின் வேலிகள்.

அந்த நூல் இலண்டனில் வெளிவந்த ஆண்டு 1961. அதே ஆண்டு பெப்ரவரி 20ஆம் திகதி, தனிச் சிங்களச் சட்டத்தின் நடைமுறைக்கு எதிராகத் தமிழரசுக் கட்சி தொடங்கிய சத்தியாக்கிரகத்தின் முதற் களம் யாழ்ப்பாணக் கச்சேரி வாயில். கட்சியை நிறுவிய செல்வநாயகமும் அதன் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தொண்டர்களும் வாயிலை மறித்து நிலத்தில் அமர்ந்தார்கள். பொலிசார் தூக்கி எறிந்தார்கள், அடித்தார்கள். இருந்தவர் எழவில்லை, தூக்கப்பட்டவர் இடத்தில் வேறொருவர் வந்து இருந்தார். ஏப்ரல் 14ஆம் திகதி கட்சி தன் சொந்தத் தபால் சேவையையே தொடங்கியது. சில நாட்களில் அவசரகாலச் சட்டமும் இராணுவமும் வந்து எல்லாவற்றையும் முடித்துவைத்தன. மனுக் கொடுக்கக் காத்துநின்ற வாயிலை மக்கள் மறித்து உட்கார்ந்த அந்த வாரங்களைக் குறிக்க, அந்த இடத்தில் ஒரு சிறு கல்வெட்டு வைப்பது பெரிய செலவல்ல.

இனி நீர். பூங்காவைப் பற்றிப் பேசுகிறவர்கள் மரத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் குனிந்து மண்ணையும் பார்க்க வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாறு ஒன்றைத்தான் ஆறு என்று சொல்லிக்கொள்கிறார்கள். சுண்ணக்கல்லின் பொந்துகளிலும் வெடிப்புகளிலும் தேங்கும் மழைநீர், கீழே இருக்கும் உவர்நீரின் மேல் வில்லை போல மிதக்கிறது. நிலாவரையின் ஆழமும் கீரிமலைக் கேணியின் ஊற்றும் இந்தக் கல்லின் வேலை. கிணற்றில் மட்டாக அள்ளினால் நன்னீர். அளவு மீறி இறைத்தால் அடியிலிருக்கும் உவர் மேலே ஏறும். துலாவால் இறைத்த காலத்தில் மனிதக் களைப்பே அந்த மட்டைக் காத்தது. மோட்டர் களைப்பதில்லை.

இந்த வில்லையை நிரப்புவது ஒக்டோபர் தொடங்கி டிசம்பர் வரையான வடகீழ்ப் பருவமழை. ஆண்டு முழுதும் விழுவது சுமார் 1,200 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில். ஓர் ஏக்கர் நிலத்தின் மீது அது விழும்போது கிட்டத்தட்ட 48 இலட்சம் லீற்றர் ஆகிறது. அத்தனையும் உள்ளே இறங்கிவிடாது. வெயில் கொஞ்சம் குடிக்கும், இலை கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். ஆனால் சருகு மூடிய, வேர் துளைத்த மண் வாங்கிக்கொள்ளும் பங்கைக் கொங்கிறீட்டு முற்றம் ஒருபோதும் வாங்காது. வாய்க்காலுக்கும் அங்கிருந்து கடலுக்கும் அனுப்பிவிடும். வளவுகளுக்கெல்லாம் சீமெந்து போட்டு மதில் கட்டும் பழக்கம் பரவிவிட்ட நகரத்தில், வாய் திறந்திருக்கும் மண் என்று சொல்லக்கூடியவை கோயில் வெளிவீதிகளும் குளங்களும் முற்றவெளியும் பழைய பூங்காவும் போன்ற ஒருசில இடங்கள்தான். இந்தக் கணக்கை டைக் போட்டிருக்க மாட்டார். அவர் தன் நடைக்கு நிழல் தேடினார். பக்கத்து வீட்டுக் கிணறுகளுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது.

சோளகம் வீசும் மாதங்களில் இந்த நிழலின் அருமை உடனே தெரியும். கண்டி வீதியில் தார் இளகும் மத்தியான வேளையில் உள்ளே நுழைகிறவரின் நடை பத்து எட்டுக்குள் தளர்ந்துவிடுகிறது. கண் இருட்டுக்குப் பழக ஒரு கணம் வேண்டியிருக்கிறது. கச்சேரி அலுவலுக்கு வெளியூரிலிருந்து வந்து, ‘மத்தியானம் ரண்டு மணிக்கு வாங்கோ’ என்று சொல்லப்பட்டவர்களுக்கு இப்படியொரு இடம் அருகில் இருப்பது பெரிய உபகாரம். எந்த அபிவிருத்தித் திட்ட அறிக்கையிலும் இந்தப் பயன் ஏறுவதில்லை.

போர் வளவைத் தொடாமல் விடவில்லை. 1980களின் நடுப்பகுதியிலிருந்து யாழ்ப்பாண நகரம் மாறிமாறிப் பல தரப்பினரின் கையில் இருந்தது. 1990 யூன் முதல் செப்டெம்பர் வரை கோட்டை முற்றுகையில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30இல் ஊரே தென்மராட்சிப் பக்கம் இடம்பெயர்ந்தது. இந்த ஆண்டுகளில் பழைய கச்சேரிக் கட்டடம் கூரையிழந்து சுவர்களாக நின்றது. ஏசண்டர் வாசஸ்தலத்துக்கும் அதே கதி. அலுவலகம் புதிய கட்டடத்துக்குப் போய்விட்டது. பழைய சுவர்கள் கண்டி வீதியில் போகிறவர்கள் பார்க்கும்படியாக இன்றும் நிற்கின்றன. ஆட்சியின் வீடு இடிந்து மரங்கள் பிழைத்தன என்று எழுத ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் போர்க்காலத்தில் காவலரணுக்கும் விறகுக்கும் குடாநாட்டின் பனையும் மற்ற மரங்களும் போன அளவு பெரிது. எஞ்சியவை அதிட்டத்தால் எஞ்சியவை.

ஆண்டவர்களின் தோட்டம் ஊரின் பூங்காவானது உலகில் பல இடங்களில் நடந்த கதைதான். பீக்கிங்கின் பெய்ஹாய் அரச பரம்பரை ஒழிந்தபின் 1925இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. சிங்கப்பூரின் போர்ட் கனிங் குன்று மலாய் அரசர்களின் விலக்கப்பட்ட குன்றாக இருந்து, ராஃபிள்ஸின் வீடாகி, கோட்டையாகி, கடைசியில் பூங்காவானது. பேராதனைப் பூந்தோட்டம் கண்டி அரசர் கீர்த்தி சிறி இராசசிங்கனின் உல்லாசச் சோலை. 1821இல் அலெக்சாந்தர் மூன் அதைத் தாவரவியல் தோட்டமாக்கத் தொடங்கினார். இவற்றிலெல்லாம் பயணம் ஒரே திசையில்.

எதிர்த்திசைப் பயணமும் உண்டு என்பதற்குக் கொழும்புக் கோட்டையின் கோடன் தோட்டம் சாட்சி. ஆள்பதி மாளிகையின் பக்கத்து நிலம், விக்டோரியா அரசியின் பொன்விழாக் காலத்தில் ஆள்பதி ஆதர் கோடனின் பெயரால் பொதுமக்களின் பூங்காவாயிற்று. குடியரசு வந்த பிறகு, பாதுகாப்பின் பேரில், சனாதிபதி மாளிகையின் மதிலுக்குள் அது மறுபடி போய்ச் சேர்ந்தது. முடியாட்சி கொடுத்ததைக் குடியாட்சி எடுத்துக்கொண்டது. ஆளுநர் செயலகம் பூங்காவுக்குள்ளேயே இருக்கும் யாழ்ப்பாணம் இந்த உதாரணத்தைக் கவனிக்க வேண்டும். ஓர் அலுவலகத்துக்கு வாகனத் தரிப்பிடம் வேண்டும், பிறகு காவற்கூடு வேண்டும், பிறகு காவற்கூட்டுக்கு ஒரு தடைக்கம்பி வேண்டும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமானதுதான்.

சென்னையின் கதை இன்னும் நெருக்கமானது. ஆளுநர் சார்ள்ஸ் திரெவெலியன் 1859இல் மத்திய இரயில் நிலையத்துக்கு அண்மையில் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா அமைத்தார். குளங்களும் நடைபாதைகளும் மிருகக்காட்சிச் சாலையும் அதில் இருந்தன. அதை எதிரி யாரும் அழிக்கவில்லை. விக்டோரியா மண்டபம் வந்தது, மூர் மார்க்கெட் வந்தது, மாநகராட்சியின் ரிப்பன் கட்டடம் வந்தது, நேரு விளையாட்டரங்கு வந்தது, புறநகர் இரயில் நிலையம் வந்தது. எல்லாமே மக்களுக்காக வந்தவை. கடைசியில் மக்கள் மட்டும் இருந்தார்கள், பூங்காவைக் காணோம். பார்க் டவுன் என்ற பெயர் தபால் முகவரியில் நிற்கிறது, நல்லூரில் தோப்பு நிற்பது போல.

பழைய பூங்கா நிலத்தில் உள்ளக விளையாட்டரங்கு ஒன்றை அமைப்பது பற்றி அண்மையில் எழுந்த வாதத்தை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு உள்ளக அரங்கு தேவைதான். அதை மறுப்பவர் பட்மின்ரன் மட்டையைக் கையில் எடுத்திராதவராக இருக்க வேண்டும். கேள்வி அரங்கைப் பற்றியது அல்ல, இடத்தைப் பற்றியது. அரச காணியாக இருப்பதால் விலை கொடுக்க வேண்டியதில்லை. நகரின் நடுவில் இருக்கிறது. உறுதி எழுதிய தனியார் யாரும் வழக்குக்கு வரமாட்டார்கள். திட்டம் போடுகிறவரின் மேசையில் இந்த மூன்று காரணங்களும் சேர்ந்தால் பூங்கா ‘வெறுங்காணி’ ஆகிவிடுகிறது. எந்த வேலையும் செய்யாமல் கிடக்கும் நிலம் என்று அதைப் பார்க்கும் கண், தோட்டம் என்றால் வெங்காயம் என்று பழகிய அதே கண். மண் மழையை வாங்குவதும் மரம் வீதியைக் குளிர்விப்பதும் வேலையாகத் தோன்றாதவரை, ஏதாவதொரு நல்ல காரியம் இந்த நிலத்தைக் கேட்டு வந்துகொண்டேதான் இருக்கும். அரங்குக்குப் போரில் கட்டடம் இழந்த மனைகளும் நகருக்குச் சற்று வெளியே வெளிகளும் உண்டு. நூற்றைம்பது ஆண்டு நின்ற மரத்துக்கு மாற்று மனை இல்லை.

பூங்காவைப் பார்க்க விரும்புகிறவர் மாரி ஓய்ந்த தை, மாசி மாதங்களில் காலை வேளையில் போவது நல்லது. மண் அப்போது ஈரம் விட்டிருக்காது. வேம்பின் பழுத்த இலைகள் கொட்டத் தொடங்கியிருக்கும். சிறுவர் விளையாடும் பக்கம் இரைச்சலாக இருக்கும். அதைத் தாண்டினால் பறவைகளின் இரைச்சல். இடிந்த கட்டடத்தை அவசரப்படாமல் பார்க்க வேண்டும். பூச்சு உதிர்ந்த இடங்களில் முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் வெளியே தெரிகின்றன. முருகைக்கல்லைக் கிட்டப் போய்ப் பார்த்தால், ஒரு காலத்தில் கடலுக்கடியில் உயிரோடு இருந்த பவளப்பூச்சிகளின் கண்ணறைகள் தேன்கூட்டின் வடிவில் வரிசையாக இருக்கும். இடைவெளிகளில் சுண்ணச்சாந்து. அந்தச் சாந்து ஈரத்தை இழுத்து வெயிலில் விடக்கூடியது. சீமெந்து பூசிப் பழுதுபார்த்தால் ஈரம் உள்ளேயே நின்று கல்லை அரிக்கும். பழைய கட்டடங்களைச் சீமெந்தால் ‘திருத்திய’ இடங்கள் குடாநாட்டில் எத்தனையோ.

கூரையிழந்த இத்தகைய சுவர்களைப் பிடித்துக்கொள்வது ஆலும் அரசும். பறவை எச்சத்தில் வந்த விதை சுவரின் தலையில் முளைத்து, வேரைக் கல்லுக்குள் இறக்கி, சாந்து இருந்த இடத்தில் தான் இருந்துகொள்கிறது. விட்டால் வேர் பருத்துச் சுவரைப் பிளக்கும். வெட்டி இழுத்தால், வேர் பிடித்து வைத்திருந்த கற்கள் வேரோடு சேர்ந்து வரும். தொல்லியல் வேலை தெரிந்தவர்கள் இரண்டையும் செய்வதில்லை. தண்டை அறுத்து, அறுத்த இடத்தில் மருந்திட்டு, வேரை உள்ளேயே காயவிட்டு, அது சுருங்கச் சுருங்க அந்த இடைவெளியைச் சுண்ணச்சாந்தால் நிரப்பிக்கொண்டு வருவார்கள். ஒரு சுவருக்கு அப்படிச் சில ஆண்டுகள் பிடிக்கும்.